சுவரடியில் இரண்டு பச்சைப் புள்ளிகள்: இது மின்மினியா, வேறு புழுவா?

திண்ணைவாசி

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பூச்சிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

மழை விட்ட இரவு. பின்பக்கக் கதவைத் திறந்தேன். சுவரை ஒட்டி, ஈரமண்ணில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள். ஊசித் தலையைவிடச் சற்றுப் பெரியவை. முதலில் ஏதோ கண்ணாடித் துண்டில் வெளிச்சம் பட்டுத் தெரிகிறது என்று நினைத்தேன். உள்ளே விளக்கை அணைத்த பிறகும் புள்ளிகள் அப்படியே இருந்தன. மின்மினி என்றால் விட்டு விட்டுத்தானே மின்னும்? இது மின்னவில்லை. நின்று எரிந்தது. குனிந்து பார்த்தபோது மெல்ல மங்கி, ஐந்தாறு மூச்சு நேரத்தில் அணைந்தே போனது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன், திரும்ப வந்தது.

அதற்கு இறக்கை இல்லை. கறுப்பாக, முதுகில் தகடு தகடாகக் கவசம் கோத்தது போல இருந்தது. நீளம் ஒரு விரல் கணு இருக்கும். என் மகள் குச்சியால் லேசாகத் தொட்டதும் சுருண்டுகொண்டது.

இது மின்மினிதானா, வேறு ஏதாவது புழுவா? ஏன் நின்று எரிகிறது? தொட்டால் சுடுமா, விஷமா? குழந்தைகள் நடமாடும் இடம், அதனால்தான் கேட்கிறேன்.

பூச்சியியல் மாணவி

வணக்கம் ஐயா. இவ்வளவு நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், படம் இல்லாமலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மின்மினியின் புழுப்பருவம். மின்மினி பெயரில் பூச்சி என்று சொன்னாலும் அது வண்டு இனம். லாம்பிரிடே என்ற குடும்பம், உலகில் 2000 வகைகளுக்கு மேல் உண்டு. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு பருவம். பறக்கும் மின்மினியை நாம் பார்ப்பது கடைசிச் சில வாரங்கள் மட்டும்தான். அதற்கு முன் மாதக்கணக்கில், சில வகைகளில் இரண்டு வருஷம்கூட, அது இப்படித் தரையில் புழுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். பறக்கும் மின்மினிகள் எல்லாமே ஒளிர்வதில்லை, பகலில் பறக்கும் வகைகளும் இருக்கின்றன. ஆனால் நமக்குத் தெரிந்தவரை எல்லா வகையின் புழுக்களும் ஒளிர்கின்றன.

அடையாளம் அந்த இரண்டு புள்ளிகள்தான். வயிற்றுப் பகுதி வளையம் வளையமாக இருக்கும், அதில் எட்டாவது வளையத்தில், வால் நுனிக்குச் சற்று முன்னால், இடம் ஒன்று வலம் ஒன்றாக ஒளி உறுப்பு இருக்கும்.

ஆனால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சில வகைகளில் முதிர்ந்த பெண்ணுக்கும் இறக்கை முளைக்காது. பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். ஐரோப்பாவில் "ஒளிரும் புழு" என்று சொல்வது இதைத்தான், லாம்பிரிஸ் நாக்டிலூகா. அந்தப் பெண் இரவில் புல் தண்டில் ஏறி, வயிற்றின் அடிப்புறத்தை வெளியே திருப்பிக் காட்டி நிற்கும். அங்கே புள்ளி மட்டும் இருக்காது, பட்டையாகவும் ஒளிரும். ஆசியாவில் லாம்ப்ரிஜெரா என்ற பேரினத்திலும் பெண் இறக்கையில்லாமல்தான் இருக்கும், உருவத்தில் மிகப் பெரியது. மறுபடி பார்த்தால் ஒளி பட்டையா புள்ளியா, ஒரே இடத்தில் நிற்கிறதா ஊர்கிறதா என்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்.

சுடாது. தொட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் வாயில் போடக் கூடாது. காரணத்தை அப்புறம் எழுதுகிறேன், ஆய்வகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

நிலாமுற்றம்

நியூசிலாந்தில் ஒரு குகை முழுக்க நட்சத்திரம் மாதிரி ஒளிரும் புழுக்கள் இருக்கிற படம் பார்த்திருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

குகைவழி

இல்லை தோழி, பெயர்தான் ஒன்று. அது வண்டு இனமே இல்லை, ஈ, கொசு வகையறாவைச் சேர்ந்த ஒரு சிறு பூச்சியின் புழு. அராக்னோகாம்பா லூமினோசா என்று பெயர், நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதன் சொந்தக்கார வகைகள் ஆஸ்திரேலியாவில் உண்டு.

வைட்டோமோ குகைக்கு நான் போயிருக்கிறேன். 1887-இல் நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் தலைவர் தானே தினோராவும், ஃபிரெட் மேஸ் என்ற ஆங்கிலேய நில அளவையாளரும் மெழுகுவர்த்தியோடு தெப்பத்தில் உள்ளே போய்ப் பார்த்த குகை அது. இப்போதும் படகில்தான் கூட்டிப் போகிறார்கள். துடுப்புச் சத்தம்கூட வராது. மேலே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் படகை நகர்த்துகிறார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, கூரையில் ஒன்று, பத்து, நூறு என்று நீலப்பச்சைப் புள்ளிகள். சிறிது நேரத்தில் எது தண்ணீர், எது கூரை என்றே பிடிபடவில்லை, கீழேயும் மேலேயும் அதே புள்ளிகள். மாவோரி மொழியில் இதற்கு "திதிவாய்" என்று பெயர். தண்ணீரில் பிரதிபலிக்கும் ஒளி என்கிற பொருளை அதற்குச் சொல்கிறார்கள். வந்த பிறகு அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

ஆனால் அந்த அழகு ஒரு பொறி. ஒவ்வொரு புழுவும் கூரையில் தன் சளியால் ஒரு குழாய் செய்து அதில் படுத்திருக்கும். அதிலிருந்து பட்டு நூல்களைத் தொங்கவிடும். நூல் நெடுக மணி கோத்த மாதிரி பசைத் துளிகள். ஆற்றிலிருந்து எழும் சின்னப் பூச்சி, வானத்து வெளிச்சம் என்று நினைத்து மேலே பறக்கும், நூலில் ஒட்டிக்கொள்ளும். புழு நூலை வாயால் இழுத்து இழுத்துச் சுருட்டி இரையை மேலே எடுத்துச் சாப்பிடும். பசியாக இருக்கும் புழு கூடுதலாக ஒளிர்கிறது என்றார் வழிகாட்டி. முதிர்ந்த பூச்சி ஆன பிறகு அது சாப்பிடுவதே இல்லை, சில நாள்தான் வாழ்வு.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் ஸ்பிரிங்புரூக் பகுதியில், அருவி விழும் ஒரு பாறைக் குடைவில் அந்த நூல்களைக் கிட்டத்தில் பார்த்தேன். சுவரில் கை வைக்கும் தூரம். மூச்சுக் காற்று பட்டதும் நூல்கள் எல்லாம் ஒரே பக்கமாக லேசாக அசைந்தன. அப்போதுதான் புரிந்தது, இவற்றுக்கு ஏன் காற்றில்லாத, ஈரமான இடம் வேண்டும் என்று. காற்று வீசினால் நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிவிடும். ஈரம் குறைந்தால் புழுவே காய்ந்துவிடும். அதனால்தான் வைட்டோமோவில் ஆட்கள் விடும் மூச்சின் கரியமில வாயுவைக்கூட அளந்து, எத்தனை பேரை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

வேதிவாத்தியார்

நல்ல இழை. நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். திண்ணைவாசி "சுடுமா" என்று கேட்டதற்கு விரிவாக எழுத ஆசை.

நமக்குத் தெரிந்த விளக்குகள் பலவும் சூடானதால் ஒளிர்பவை. தீபம், குண்டு பல்பு, சூரியன்கூட. மின்மினி அப்படி இல்லை. அதன் ஒளி உறுப்பில் லூசிஃபெரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதி இருக்கிறது. உடலின் எல்லா வேலைக்கும் சக்தி தரும் ஏடிபி இருக்கிறது. இவற்றோடு ஆக்சிஜன் சேரும்போது லூசிஃபெரின் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது பிறக்கும் மூலக்கூறு கிளர்ந்த நிலையில் இருக்கும். அது அடங்கும்போது தன் கூடுதல் சக்தியை ஒளியாக விட்டுவிடுகிறது. சூடு என்று சொல்லும்படி ஒன்றும் வராது.

இது ஒரே நாளில் தெரிந்த விஷயம் அல்ல. 1660-களில் ராபர்ட் பாயில், ஒளிரும் உளுத்த மரத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். ஒளி மங்கி மறைந்தது. காற்றை உள்ளே விட்டதும் திரும்ப ஒளிர்ந்தது. ஆக்சிஜன் என்ற பெயரே பிறக்காத காலம் அது! (மரத்தில் ஒளிர்வது பூஞ்சை. ஆனால் காற்று வேண்டும் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.) அப்புறம் 1880-களில் ரஃபாயேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர், ஒளிரும் வண்டிலிருந்தும், பின்னர் ஒளிரும் சிப்பியிலிருந்தும் சாறு எடுத்தார். குளிர்ந்த நீரில் எடுத்த சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் எடுத்த சாறு ஒளிரவே இல்லை. அணைந்ததையும் ஒளிராததையும் கலந்தார், மறுபடி வெளிச்சம்! வெந்நீரில் நொதி கெட்டுப்போயிருந்தது, எரிபொருள் மட்டும் மிச்சம். குளிர்நீரில் எரிபொருள் தீர்ந்திருந்தது, நொதி மட்டும் மிச்சம். லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்ற பெயர்கள் அவர் வைத்தவை. வகுப்பில் இந்தச் சோதனையைச் சொல்லும்போது, கலந்ததும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டு நிறுத்துவேன். ஒரு பிள்ளையாவது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அந்த நிமிஷத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

ஏடிபி வேண்டும் என்பதை 1947-இல் அமெரிக்காவில் வில்லியம் மெக்கெல்ராய் காட்டினார். பூச்சிகளைப் பிடித்துக் கொடுத்த சிறுவர்களுக்கு 100 மின்மினிக்கு 25 சென்ட் கொடுத்தார். இன்றைக்கு உணவு ஆலைகளில் மேசை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, துடைத்தெடுத்த பஞ்சில் இதே வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். கிருமியோ உணவுத் துணுக்கோ மிச்சமிருந்தால் அதன் ஏடிபியால் ஒளிரும். எவ்வளவு அழுக்கோ அவ்வளவு ஒளி.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். மின்மினி நூற்றுக்கு நூறு திறனுள்ள விளக்கு என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். வினையில் ஈடுபடும் மூலக்கூறுகளில் 90 சதவீதத்துக்கு அருகில் ஒளி தருகின்றன என்று 1960-களில் கணக்கிட்டது உண்மை. ஆனால் 2008-இல் ஜப்பானில் மறுபடி கவனமாக அளந்தபோது 41 சதவீதம்தான் வந்தது. அதுவே வியப்பூட்டும் அளவு. மிகைப்படுத்தத் தேவையில்லை.

நிலாமுற்றம்

ஐயா, இதெல்லாம் சரி, ஆனால் முதல் கேள்விக்கு வருகிறேன். பறக்கும் மின்மினி ஜோடி தேடி மின்னுகிறது, புரிகிறது. குகைப் புழு இரை பிடிக்க ஒளிர்கிறது. இந்தச் சுவரடிப் புழுவுக்கு ஜோடி தேடும் வயது இல்லை, நூலும் கட்டவில்லை. அது எதற்காக ஒளிர வேண்டும்? தின்ன வரும் எதிரிக்குத் தன்னைக் காட்டிக்கொடுப்பது போல ஆகாதா?

மண்வாசம்

எனக்குத் தோன்றுவது: எல்லாவற்றுக்கும் காரணம் இருக்க வேண்டும் என்று இல்லையே. உடலில் நடக்கும் ஏதோ ஒரு வினையின் உபரியாக ஒளி வரலாம். வண்டானபின் அதற்குப் பயன் கிடைக்கிறது, புழுவில் சும்மா இருக்கிறது.

பூச்சியியல் மாணவி

மண்வாசம் அண்ணா, நியாயமான சந்தேகம். ஆனால் புழு சும்மா ஒளிரவில்லை என்பதற்குத் திண்ணைவாசி ஐயாவே சாட்சி. ஆள் கிட்டே வந்ததும் அணைத்தது, அசைவு நின்றதும் ஏற்றியது. அதாவது நரம்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உபரி என்றால் அணைக்கும் ஏற்பாடு எதற்கு?

இன்றைக்கு வலுவாக நிற்கும் விளக்கம்: அது எச்சரிக்கை. "நான் கசப்பு, தொடாதே" என்கிறது. மின்மினிகள் பலவற்றின் உடலில் லூசிபுஃபாஜின் என்ற நச்சு இருக்கிறது, தேரையின் தோலில் இருக்கும் நச்சுக்கு உறவு. இதயத்தைத் தாக்கும். வளர்ப்புப் பல்லி வகைகள் ஒரே ஒரு மின்மினியைத் தின்று செத்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாயில் போடக் கூடாது என்றேனே, அது இதனால்தான். பகலில் குளவியின் மஞ்சள் வரி செய்யும் வேலையை இரவில் நிறம் செய்ய முடியாது. ஒளிதான் செய்ய முடியும். தேரைகளை வைத்துச் செய்த சோதனையில், ஒளிரும் புழுவைக் கடித்துக் கசப்பை அனுபவித்த தேரை, அடுத்த முறை ஒளிரும் போலி இரையையும் தவிர்த்தது.

"ஏன் நின்று எரிகிறது" என்ற கேள்வியும் பாக்கி. பறக்கும் வண்டின் ஒளி உறுப்பில் காற்றுக்குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும். ஆக்சிஜனைத் திடீரென்று விட்டு, திடீரென்று நிறுத்தினால்தான் மின்னல் மாதிரி வெட்டும். நைட்ரிக் ஆக்சைடு அதில் சாவி போல வேலை செய்கிறது என்று 2001-இல் காட்டினார்கள். புழுவின் உறுப்புக்கு இந்த வேகச் சாவி இல்லை. அதனால்தான் மெல்ல ஏறுகிறது, மெல்ல இறங்குகிறது.

பரிணாமத்தில் முதலில் வந்தது இந்த எச்சரிக்கை ஒளிதான், காதல் பேச்சுக்கு அதை வண்டுகள் பின்னால் எடுத்துக்கொண்டன என்பது துறையில் பலர் ஏற்கும் கருத்து. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும். "கிட்டே வராதே" என்று சொல்லப் பிறந்த ஒளி, "கிட்டே வா" என்று சொல்லப் பழகியிருக்கிறது.

மண்வாசம்

அணைப்பதைப் பற்றிச் சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. தேரைச் சோதனை தெரியாது, நன்றி.

குகைவழி

அந்தக் காதல் பேச்சிலும் பொய் சொல்லும் ஒரு ஆள் உண்டு. வட அமெரிக்காவில் ஃபோட்டூரிஸ் என்ற பேரினத்தின் பெண், வேறு இன ஆணின் மின்னலைப் பார்த்து, அவனுடைய இனப்பெண் எப்படிப் பதில் மின்னுவாளோ அதே இடைவெளியில் மின்னும். நம்பி இறங்கி வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். பசி மட்டும் காரணம் இல்லை. ஃபோட்டூரிஸால் அந்த நச்சைப் போதிய அளவு தானே தயாரிக்க முடியாது. தின்ற ஆணின் உடலிலிருந்து நச்சை எடுத்துத் தனக்குக் காவலாக வைத்துக்கொள்கிறது.

பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் கரையான் புற்றுகள் இரவில் பச்சை விளக்கு வைத்தது போல ஒளிரும். புற்றின் சுவரில் குடியிருக்கும் ஒருவகை வண்டுப் புழு, ஈசல் பறக்கும் காலத்தில் தலையை வெளியே நீட்டி ஒளிர்ந்து இரை பிடிக்கிறது. நம் பழம்பாட்டு ஒன்றில், மின்மினி அடர்ந்த புற்றைக் கரடி பறிக்கும்போது பொறி சிதறுவது போல ஒளி பறக்கும். எமாஸ் படத்தை முதலில் பார்த்தபோது அந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. இரண்டும் வெவ்வேறு பூச்சிகள்தான். ஆனாலும் அந்தப் புலவர் நிஜமாகவே இருட்டில் நின்று பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

தென்னங்கீற்று

தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண் உருண்டை வைத்து அதில் மின்மினியை ஒட்டி விளக்காக வைத்துக்கொள்ளும் என்று என் பாட்டி சொல்வார். அது நிஜமா?

பூச்சியியல் மாணவி

பாதி நிஜம். கூட்டுக்குள் களிமண் பூச்சு இருப்பது உண்மை. கூடு பாதி முடிந்த நிலையில் ஆண் குருவி அதைக் கொண்டுவந்து அப்பும். அதில் மின்மினி இருக்காது. காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்கக் கனம் சேர்க்கிறது என்பது பலர் சொல்லும் விளக்கம். குருவி இரவில் தூங்கும் பறவை, அதற்கு விளக்கு வேண்டாம். செத்த மின்மினி தொடர்ந்து ஒளிரவும் செய்யாது. ஆனால் அந்த மண்ணைக் கவனித்த பாட்டியின் கண்ணுக்கு வணக்கம்.

திண்ணைவாசி

நேற்று இரவு மறுபடி பார்த்தேன்! விவரமாக எழுதுகிறேன்.

கைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனேன். புள்ளிகள் இரண்டுதான், பட்டை இல்லை. ஊர்ந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஒரு நத்தை போயிருந்த வழவழப்பான தடம். புழு தலையைத் தாழ்த்தி அந்தத் தடத்தின் மேலேயே போனது, இடம் வலம் விலகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து நத்தையைப் பிடித்துவிட்டது. அதைவிட நத்தை மூன்று மடங்கு பெரியது. நத்தையின் ஓட்டின் மேல் ஏறி, கழுத்துப் பக்கம் குனிந்து சட்டென்று ஒரு கடி. உடனே விலகிக்கொண்டது. சிறிது பொறுத்து இன்னொரு கடி. நத்தை நுரை கக்கியது. நாலைந்து முறை இப்படி. அப்புறம் நத்தை அசையவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்று. இடையில் புழு தன் வாலை முன்னால் வளைத்துக் கொண்டுவந்து, வால் நுனியிலிருந்து வெள்ளையாகச் சின்ன விரல்கள் போல எதையோ விரித்து, தலையையும் முதுகையும் துடைத்தது. பூனை முகம் துடைப்பது மாதிரி. அது என்ன?

பூச்சியியல் மாணவி

ஐயா, இதைப் பார்க்காமலேயே படிப்பை முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்! அது வால் நுனியில் இருக்கும் ஒட்டுவிரல்கள். நடக்கும்போது பிடிமானத்துக்கு ஊன்றிக்கொள்ளும், நத்தையின் சளி உடம்பில் பட்டால் அதை வைத்தே துடைத்துக்கொள்ளும். கடிக்கும்போது தாடை வழியாக நச்சுள்ள திரவம் போகிறது. நத்தை செயலிழந்த பிறகு, அதன் சதையைக் கூழாக்கித்தான் புழு உறிஞ்சும். இலங்கையில் லாம்ப்ரிஜெராவை, பயிர் தின்னும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கட்டுப்படுத்தப் பயன்படுமா என்றுகூட ஆராய்ந்தார்கள்.

உங்களுடையது புழுப்பருவம்தான் என்பது உறுதி. சிவப்புத் தாள் நல்ல யோசனை, சிவப்பு ஒளி அவற்றை அதிகம் தொந்தரவு செய்யாது.

தென்னங்கீற்று

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு புட்டியில் இரண்டு மூன்று பிடித்து வைக்கலாமா?

மண்வாசம்

சிறுவயதில் நானும் செய்திருக்கிறேன், காலையில் எல்லாம் செத்துக் கிடக்கும். அந்தப் புட்டியைத் திறந்த வாசனை இன்னும் மறக்கவில்லை. வேண்டாம். காட்டத்தான் வேண்டுமென்றால் ஐந்து நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில், அதே இரவில் விட்டுவிடுங்கள். பிள்ளைகளை அது இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவது இன்னும் நல்லது.

வேதிவாத்தியார்

அதைவிடப் பெரிய கெடுதல் நம் விளக்குகள். லாம்பிரிஸ் பெண்ணால் பறக்க முடியாது, அவள் நிற்கும் இடத்துக்கு ஆண்தான் வர வேண்டும். அவள் வயிற்றுக்குள் முட்டை தயார். வளர்ந்தபின் ஒன்றும் சாப்பிடுவதில்லை, புழுவாகச் சேர்த்த சக்தியில்தான் இரவுக்கிரவு ஒளிர்கிறாள். ஆண் வந்தால் அன்றைக்கே விளக்கை அணைத்து, முட்டையிட்டு முடித்துக்கொள்வாள். தெருவிளக்கு அடிக்கும் இடத்தில் ஆணின் கண்ணுக்கு அவள் தெரிவதில்லை. அவளும் இருட்டான இடம் தேடி மாறிப் போவதில்லை. காத்துக்கொண்டே இருந்து தீர்ந்துபோகிறாள்.

தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து, நத்தைமருந்து இரண்டும் புழுவின் சாப்பாட்டில் கை வைக்கின்றன. பறக்கும் மின்மினி குறைகிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தரையைத்தான். சருகு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, நத்தை இருக்கிறதா, இருட்டு இருக்கிறதா?

நிலாமுற்றம்

பாதுகாப்புக்கு வெளிவிளக்கு வேண்டுமே ஐயா. முழுவதும் அணைக்க எல்லோராலும் முடியாது.

வேதிவாத்தியார்

உண்மைதான். கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போடுங்கள். ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்காக வைக்கலாம். ஒரு மூலையையாவது இருட்டாக விட்டுவைத்தால் போதும்.

திண்ணைவாசி

எல்லோருக்கும் நன்றி. எழுதிய ஒவ்வொன்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன்.

பின்பக்க விளக்கை நேற்று அணைத்துவிட்டு, இருவரும் படியில் உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் மகள்தான் முதலில் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு ஜோடி. பிறகு சருகுக் குவியலில் ஒன்று. சுவரடியில் பழைய ஆள். மொத்தம் மூன்று. இத்தனை நாள் அந்த விளக்கின் கீழ் எதுவுமே தெரிந்ததில்லை.

காலையில் நத்தை கிடந்த இடத்துக்குப் போனேன். ஓடு மட்டும் இருந்தது. உள்ளே துளி சதை இல்லை, கழுவி வைத்த கிண்ணம் மாதிரி. மகள் அதை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறாள்.